ஜார்ஜியாவின் ஜோசப் பிரவுன்: பிரிவினைக் காலத்தில் ஒரு ஆளுநர் என்னென்ன செய்ய முடிந்தது?

1861 ஜனவரி 3. சவானா நகரத்துத் தொண்டர் படையினர் நூற்றுச்சொச்சம் பேர் படகேறி, ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற புலாஸ்கி கோட்டையில் போய் இறங்கினார்கள். அமெரிக்க மத்திய அரசின் செலவில், மத்திய அரசின் பொறியாளர்கள் எழுப்பிய பெரிய செங்கல் கோட்டை அது. காவலுக்கு இருந்ததோ ஒரு சார்ஜெண்டும் ஒரு பராமரிப்பாளரும்தான். ஒரு குண்டுகூடச் சுடாமல் கோட்டை கைமாறியது. உத்தரவு போட்டவர் ஜார்ஜியாவின் ஆளுநர் ஜோசப் எமர்சன் பிரவுன். அன்றைக்கு ஜார்ஜியா அமெரிக்க ஒன்றியத்தில் முறையான ஒரு மாநிலம். பிரிந்து போவதாகத் தீர்மானம் நிறைவேற இன்னும் 16 நாள் இருந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் படிக்கும்போது மாநாடுகளும் தீர்மானங்களும்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் பிரிவினையைத் தரையில் நடத்திக் காட்டியவர்கள் மாநில ஆளுநர்கள். இந்தியாவில் டெல்லி நியமித்து அனுப்பும் ஆளுநரை மனதில் வைத்துக்கொண்டு இவர்களைப் பார்க்கக் கூடாது. அமெரிக்க ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நிர்வாகம், கஜானா, சட்டமன்றத் தீர்மானங்களை ரத்து செய்யும் அதிகாரம், இவற்றோடு மாநில மிலிஷியா என்ற ஊர்ப்படையும் அவர் கையில். பிரவுன் 1857 முதல் 1865 வரை தொடர்ந்து அந்தப் பதவியில் இருந்ததால், பிரிவினைக்கு முந்தைய கணக்குகள், பிரிவினை, போர், சரணாகதி என எல்லாவற்றையும் ஒரே மனிதரின் கோப்புகளில் பின்தொடர முடிகிறது.

மாநில உரிமைக்காகப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் தலைவரையே எதிர்த்து நின்றவர் என்பதுதான் அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவது. பொய்யில்லை, ஆனால் பாதிதான். 1857 முதல் 1891 வரை அவர் செய்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், கொள்கை பலமுறை மாறியிருக்கிறது, கட்சி இரண்டு முறை மாறியிருக்கிறது, மாறாதது ஒன்றுதான். யாருடைய உழைப்பு யாருடைய கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லை.

மலைக்காட்டிலிருந்து மில்லட்ஜ்வில்லுக்கு

1821இல் தென் கரோலினாவில் பிறந்து, வடக்கு ஜார்ஜியாவின் மலைப்பகுதியில் யூனியன் கவுண்டியில் வளர்ந்தவர். அப்பா சிறு விவசாயி. பெரிய பண்ணைகள் இல்லாத, அடிமைகள் குறைவாக இருந்த பகுதி அது. பத்தொன்பது வயதில் படிக்கப் புறப்பட்டபோது கையில் பணம் கிடையாது. ஒரு ஜோடி காளைகளை ஓட்டிக்கொண்டு தென் கரோலினாவுக்கு நடந்தார். அந்தக் காளைகளைக் கொடுத்து எட்டு மாதச் சாப்பாட்டுக்கு வழி செய்துகொண்டார். பள்ளிக் கட்டணம் கடன். பிறகு கேன்டன் என்ற சிற்றூரில் ஆசிரியர் வேலை. அங்கே ஜான் லூயிஸ் என்ற வசதிக்காரர் கொடுத்த கடனில் யேல் சட்டப்பள்ளிக்குப் போய் 1846இல் முடித்தார். இந்த லூயிஸை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரவுன் ஆளுநரானதும் மாநில ரயில்பாதைக்கு மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டவர் அவர்தான். பிரவுன் பட்ட கடன் வீண்போகாது, நன்றியும் சரி, பகையும் சரி.

வழக்கறிஞர் தொழிலோடு நிலம் வாங்கி விற்றார். செம்புத் தாது கிடைத்த ஒரு நிலத்தில் போட்ட சில நூறு டாலர் பல்லாயிரமாகத் திரும்பியது. மாநில செனட் உறுப்பினர், சுற்று நீதிபதி என்று மெல்ல ஏறினார். 1857இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பெரிய தலைவர்கள் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் இழுபறி நீள, கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொள்ளக்கூடிய பெயராக இவர் வந்தார். செய்தி எட்டியபோது கோதுமை அறுவடையில் இருந்தாராம். எதிர்த்து நின்றவர் நாவன்மை மிக்க பெஞ்சமின் ஹில். பிரவுன் பேச்சாளரே அல்ல. ஆனால் மலைக்காரர் பேச்சும் சிக்கனமும் சிறு விவசாயிகளிடம் எடுபட்டது. சுமார் பத்தாயிரம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து, அன்றைய மாநிலத் தலைநகரான மில்லட்ஜ்வில்லுக்குப் போனார்.

முதல் பதவிக்காலத்தில் அவர் பேர் வாங்கிய விஷயம் ரயில். அட்லாண்டாவிலிருந்து டென்னசியின் சட்டனூகா வரை 138 மைல் நீளமுள்ள வெஸ்டர்ன் அண்டு அட்லாண்டிக் ரயில்பாதை மாநிலத்துக்குச் சொந்தம். வேண்டியவர்களுக்கு வேலை, கணக்கில் ஓட்டை என்று நடந்துகொண்டிருந்த நிறுவனத்தில் தேவையில்லாத பதவிகளை ஒழித்தார், சம்பளங்களைக் குறைத்தார், வசூலை மாதாமாதம் கேட்டார். லாபம் பல மடங்கு உயர்ந்தது. 1858இல் வந்த ஒரு சட்டம் அந்த ரயில் வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 1,00,000 டாலரை ஊர்ப் பள்ளிகளுக்கு ஒதுக்கியது. வெள்ளையர் பிள்ளைகளுக்கு மட்டும். அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லித்தருவது ஜார்ஜியாவில் சட்டவிரோதம். 1860 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகை 10,57,286. அதில் 4,62,198 பேர் அடிமைகள்.

டிசம்பர் 7 கடிதம்

1860 நவம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில், அடிமைமுறை பரவுவதை எதிர்த்த லிங்கன் ஜெயித்ததும் பிரவுன் சட்டமன்றத்திடம் பாதுகாப்புக்காக 10 லட்சம் டாலர் கேட்டார், கிடைத்தது. பிரிவினை பற்றி முடிவெடுக்க ஒரு மாநாடு, அதற்கு 1861 ஜனவரி 2இல் பிரதிநிதிகள் தேர்தல் என்றும் முடிவானது. சிக்கல் இங்கேதான். மாநிலத்தின் வெள்ளையர் குடும்பங்களில் அடிமை வைத்திருந்தவை ஏறக்குறைய 37 சதவீதம்தான். அடிமை இல்லாத மலைக்காரர் எதற்காக ஒன்றியத்தை உடைக்க வாக்களிக்க வேண்டும்?

அந்தக் கேள்விக்குப் பதிலாக டிசம்பர் 7ஆம் தேதி பிரவுன் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். தென்னகப் பிரிவினையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படிக்க வேண்டும். அதில் அரசியல் சட்ட நுணுக்கத்தைவிட வரவு செலவுக் கணக்குதான் அழுத்தமாக இருக்கிறது. தென்மாநிலங்களில் சுமார் 45 லட்சம் அடிமைகள் என்று வைத்துக்கொள்வோம், தலைக்கு 500 டாலர் மதிப்பு என்றாலும் மொத்தம் 225 கோடி டாலர் என்கிறார். (அந்த ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் இருந்தவர்களே 40 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.) லிங்கன் கட்சி அடிமைகளை விடுவித்தால் உடைமையாளர்களுக்கு இந்த இழப்பீட்டைக் கொடுத்தாக வேண்டும், அதை வரியாகக் கட்டப்போவது யார், ஏழை வெள்ளையன்தானே என்பது முதல் வாதம். இரண்டாவது, பணம் கிடைத்த பெரும் பண்ணையாளர்கள் நல்ல நிலங்களை எல்லாம் வாங்கிப் போட்டுவிடுவார்கள், சிறு விவசாயி குத்தகைக்காரனாவான். மூன்றாவது, விடுதலையான கறுப்பினத்தவர்கள் வேலை தேடி மலைப்பகுதிக்கு வருவார்கள், கூலி விழும். நான்காவதாக, அடிமைமுறை இருப்பதால்தான் ஏழை வெள்ளைக்காரத் தொழிலாளிக்கும் மரியாதை இருக்கிறது, வேலைக்கு வைத்தவரின் மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்றார்.

தானும் மலையில் வளர்ந்தவன் என்ற உரிமையோடு எழுதியது அது. நுணுக்கமான வேலை. அடிமை உடைமையாளர்களின் சொத்தைக் காப்பதையே, சொத்தில்லாதவனின் கூலியையும் கௌரவத்தையும் காப்பதாக மாற்றிக் காட்டிவிட்டார். மாநில உரிமையில் தொடங்கி மாநில உரிமையில் முடிந்த சண்டை இது என்று இன்றைக்கும் சொல்பவர்களுக்கு இந்த ஒரு கடிதமே போதுமான பதில்.

ஜனவரி 2 அன்று வாக்கெடுப்பு. பல பகுதிகளில் கடும் மழை. முடிவு எப்படி என்று ஆளுநர் வாய் திறக்கவில்லை. மாதங்கள் கழித்து, கேட்கப்பட்ட பிறகு, பிரிவினைக்கு ஆதரவாக 50,243, எதிராக 37,123 என்று ஒரு கணக்கு வெளியிட்டார். பிற்கால வரலாற்றாய்வு இந்த எண்களை ஏற்கவில்லை. வாக்குகள் கிட்டத்தட்ட சரிபாதியாகப் பிரிந்திருந்தன என்பதே அதன் முடிவு. எந்தப் பக்கம் என்று தெளிவாகச் சொல்லாமல் நின்ற வேட்பாளர்களுக்கு விழுந்த வாக்குகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் வித்தியாசம் வருகிறது. மாநாட்டிலேயே ஜனவரி 18இல் நடந்த முதல் பலப்பரீட்சை 166க்கு 130தான். மறுநாள் இறுதித் தீர்மானம் 208க்கு 89 என்று நிறைவேறியது. அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், பெஞ்சமின் ஹில் போன்றவர்கள் அவசரப் பிரிவினையை எதிர்த்துப் பேசினார்கள். சில வாரங்களிலேயே ஸ்டீபன்ஸ், பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த புதிய தென்கூட்டமைப்பின் துணைத் தலைவராகவும் ஆனார்.

இந்த இழுபறிக்கு நடுவே கோட்டையை ஏன் முன்கூட்டியே பிடிக்க வேண்டும்? பக்கத்து மாநிலமான தென் கரோலினாவில், டிசம்பர் கடைசியில் மத்தியப் படையினர் இரவோடிரவாகச் சம்டர் கோட்டைக்குள் போய்ப் புகுந்துகொண்டார்கள். அதேபோல் புலாஸ்கியிலும் படை வந்து இறங்கிவிட்டால் சவானா துறைமுகத்தின் வாய் அடைபடும். அதனால் அலெக்சாண்டர் லாட்டன் தலைமையில் ஆளனுப்பினார். மாநாட்டு உறுப்பினர்கள் கூடுவதற்குள் ஆயுத மோதலுக்கான முதல் அடியை ஆளுநரே வைத்தாயிற்று. ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்றவர்களின் பேச்சு அதற்குப் பிறகு எடுபடாமல் போனது. ஜனவரி 24இல் அகஸ்டா ஆயுதக்கிடங்கும் கைக்கு வந்தது. ஜார்ஜியாவுக்கு வரவேண்டிய துப்பாக்கிப் பெட்டிகளை நியூயார்க் போலீஸ் பறிமுதல் செய்தபோது, சவானாவில் நின்ற நியூயார்க் கப்பல்களைப் பிடித்து வைத்துக்கொண்டு பெட்டிகளை விடுவிக்கச் சொன்னார்.

கோட்டை நிலைக்கவில்லை. 1862 ஏப்ரலில் ஒன்றியப் படை டைபி தீவிலிருந்து, குழலின் உட்புறம் முறுக்கு வெட்டிய புதுவகைப் பீரங்கிகளால் சுட்டது. பழைய உருண்டைக் குண்டுக்கு அவ்வளவு தூரத்தில் அசையாத தடித்த செங்கல் சுவர், புதிய கூர்க்குண்டுகளுக்கு முன் சுமார் 30 மணி நேரத்தில் பிளந்தது. குண்டுகள் வெடிமருந்து அறையை நோக்கிப் பாயத் தொடங்கியதும் கோட்டை சரணடைந்தது.

ஈட்டி, உப்பு, பருத்தி

போர்க்கால நிர்வாகியாக பிரவுன் எதை எண்ணினார், எதைத் தவறவிட்டார் என்பதற்கு ஈட்டிக் கதை நல்ல உதாரணம். ஆட்கள் சேர்ந்தார்கள், துப்பாக்கி இல்லை. 1862 பிப்ரவரியில் மாநிலத்தின் கொல்லர்களையும் இயந்திரப் பட்டறைக்காரர்களையும் அழைத்து 10,000 ஈட்டிகள் செய்யச் சொன்னார்: 6 அடி மரக்கம்பு, மேலே இருபுறமும் கூரான அலகு. கூடவே 18 அங்குல அலகும் ஏறக்குறைய 3 பவுண்டு எடையும் கொண்ட இடைக்கத்தி. ஒரே மாதிரி அச்சு இல்லாததால் பட்டறைக்குப் பட்டறை வடிவம் மாறியது. மூன்று இலை போல விரிந்த அலகு, குதிரையின் கடிவாளத்தை அறுக்கப் பக்கவாட்டுக் கொக்கி, தண்டுக்குள் மடங்கி வெளியே பாயும் அலகு என்று விதவிதமாக வந்து சேர்ந்தன. ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தார்கள். போரில் பயன்படவில்லை. சில நூறு கெஜம் தொலைவிலேயே ஆளை வீழ்த்தும் துப்பாக்கிக்கு எதிரே, கம்பு நீளத்துக்குக் கிட்டே போனால்தான் வேலை செய்யும் ஆயுதத்துக்கு இடமேது? துப்பாக்கி ஒரு முறை சுட்டால் சும்மாவாகிவிடும், ஈட்டி ஒருபோதும் ஆகாது என்ற அவருடைய வாதம் காகிதத்தில் சரியாகத்தான் தெரிந்தது.

உணவு விஷயத்தில் அவர் கணக்கு தப்பவில்லை. கடல் முற்றுகையால் உப்பு நின்றது. உப்பில்லாமல் பன்றிக்கறியைப் பதப்படுத்த முடியாது. அது இல்லாமல் படைக்கும் வீட்டுக்கும் குளிர்காலச் சாப்பாடு இல்லை. வர்ஜீனியாவின் சால்ட்வில் கிணறுகளிலிருந்து மாநிலத்தின் பொறுப்பில் உப்பு எடுத்து ரயிலில் கொண்டுவந்து, படைவீரர் குடும்பங்களுக்கு முதலில் கொடுக்க ஏற்பாடு செய்தார். மக்காச்சோளம் சாராயமாகப் போகாமல் இருக்க வடிசாலைகளுக்குத் தடை. 1862 டிசம்பரில் சட்டமன்றம், வேலையாள் ஒருவருக்கு மூன்று ஏக்கருக்கு மேல் பருத்தி போடக் கூடாது என்று சட்டம் செய்தது. மில்லட்ஜ்வில் சிறைச்சாலையில் துப்பாக்கியும், பிறகு வீட்டில் நூல் நூற்கத் தேவையான பஞ்சு சீவும் பலகைகளும் தயாராயின. சிறைக்கைதிகளின் உழைப்பு மாநிலத்துக்கு என்ன தரும் என்பதை அவர் கிட்டத்திலிருந்து பார்த்தது இங்கேதான்.

ரிச்மண்டோடு சண்டை

1862 ஏப்ரல் 16இல், ரிச்மண்டைத் தலைநகராகக் கொண்ட தென்கூட்டமைப்பு கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் கொண்டுவந்தது: 18 முதல் 35 வயது வரையுள்ள வெள்ளை ஆண்கள் மூன்று ஆண்டு சேவை. ஒரு வாரத்துக்குள் தலைவர் ஜெபர்சன் டேவிஸுக்குப் பிரவுனின் முதல் கடிதம் போனது. மிலிஷியாவுக்கு அதிகாரிகளை நியமிக்கும் உரிமை மாநிலத்துக்கு என்று அரசியல் சட்டம் சொல்கிறது. மையம் ஆட்களை நேரடியாக எடுத்துக்கொண்டால் அந்த உரிமை என்னவாகும்? நாளைக்கு நீதிபதியையும் சட்டமன்ற உறுப்பினரையும் ஆளுநரையும்கூடப் பிடித்துப் போகலாமே? டேவிஸ் பதில் எழுதினார்: போர் நடத்தப் படை திரட்டும் அதிகாரம் தனி, மிலிஷியாவை அழைக்கும் அதிகாரம் தனி. இந்தக் கடிதங்கள் அச்சாகி ஊரெங்கும் போயின. ஜார்ஜியாவின் உச்ச நீதிமன்றமே அந்த ஆண்டு நவம்பரில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பில் தோற்ற பிரவுன் விதிவிலக்கில் ஜெயித்தார். மாநில நிர்வாகத்துக்குத் தேவையான அதிகாரிகளைக் கட்டாயச் சேர்ப்பு தொடாது. யார் தேவையானவர் என்று சான்றளிப்பவர் ஆளுநர். ஊர் நீதிபதிகள், அவர்களின் எழுத்தர்கள், மிலிஷியா அதிகாரிகள் என்று ஆயிரக்கணக்கானோருக்குச் சான்று கொடுத்தார். படை இல்லாத மிலிஷியாவில் அதிகாரிகள் மட்டும் நிறைந்திருந்தார்கள். 1864 பிப்ரவரியில் ஆட்கொணர்வு உரிமையை மையம் நிறுத்திவைத்தபோது, மார்ச்சில் சிறப்புச் சட்டமன்றக் கூட்டம் கூட்டிக் கண்டித்தார். துணைத் தலைவர் ஸ்டீபன்ஸே வந்து டேவிஸ் அரசுக்கு எதிராகப் பேசினார். எங்கோ முன்னணியில் மகன்களை இழந்துகொண்டிருந்த சிறு விவசாயிகளிடம் இந்த நிலைப்பாடு செல்வாக்கு பெற்றது. 1863இல் அவர் மீண்டும் ஜெயித்ததற்கு இதுவும், உப்பும், படைவீரர் குடும்பங்களுக்கான உதவித்தொகையும் காரணம்.

இதன் விலை 1864இல் தெரிந்தது. செப்டம்பர் 2இல் அட்லாண்டா விழுந்தது. 10ஆம் தேதி, தென்கூட்டமைப்புத் தளபதி ஹூடின் கீழிருந்த மிலிஷியாவைப் பிரவுன் திரும்ப அழைத்து வீட்டுக்கு அனுப்பினார்: அட்லாண்டாவைக் காக்கத்தான் கொடுத்தேன், அது முடிந்துவிட்டது, சோளம் வயலில் நிற்கிறது, அறுக்க ஆளில்லை. அட்லாண்டாவைப் பிடித்த ஒன்றியத் தளபதி ஷெர்மன் இதை வாய்ப்பாகப் பார்த்தார். ஜார்ஜியா போரிலிருந்து விலகினால் என் படை சாலையை விட்டு இறங்காது, எடுக்கும் உணவுக்குப் பணம் தருவோம் என்று சொல்லியனுப்பினார். பிரவுன் மறுத்தார். தனியாகச் சமாதானம் பேச ஆளுநருக்கு அதிகாரம் இல்லை என்றார். டேவிஸை எதிர்க்க எந்த அதிகார எல்லையைக் காட்டினாரோ, அதே எல்லைக்குள் தானும் நின்றார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நவம்பரில் ஷெர்மன் கடலை நோக்கிப் புறப்பட்டபோது எதிரே பெரிய படை எதுவும் இல்லை. ஆளுநர் மாளிகைச் சாமான்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு பிரவுன் தலைநகரை விட்டுப் போனார். நவம்பர் 22இல் கிரிஸ்வோல்ட்வில் அருகே, பெரும்பாலும் முதியவர்களும் சிறுவர்களுமான மிலிஷியா திறந்த வெளியைத் தாண்டிப் போய், தொடர்ந்து சுடும் துப்பாக்கிகள் வைத்திருந்த ஒன்றியப் படையை மோதியது. 500க்கு மேற்பட்டோர் செத்தார்கள், காயப்பட்டார்கள். எதிர்ப்பக்கம் நூறுக்கும் குறைவு. களத்தில் கிடந்தவர்களின் வயதைப் பார்த்து ஒன்றியப் படையினரே கலங்கினார்கள்.

தோற்ற பிறகு

1865 மேயில் கைதாகி வாஷிங்டனில் கொஞ்ச நாள் சிறை. ஜனாதிபதி ஜான்சனைச் சந்தித்துப் பேசி விடுதலையாகி, ஜூன் கடைசியில் பதவி விலகினார். தென்னகத் தலைவர்கள் பலர் வீம்பில் ஒதுங்கியிருக்க, பிரவுன் தோல்வியை உடனே ஏற்றார். எதிர்த்தால் சொத்துப் பறிமுதல் வரும், ஏற்றுக்கொண்டால் தொழில் நடக்கும் என்று வெளிப்படையாகச் சொன்னார். லிங்கனின் குடியரசுக் கட்சிக்குப் போனார், ஜனாதிபதித் தேர்தலில் கிராண்ட்டை ஆதரித்தார். பதிலுக்கு 1868இல் மாநிலத் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். 1869இல் கறுப்பினத்தவர் அரசுப் பதவி வகிக்கத் தகுதியுண்டு என்ற தீர்ப்பின் பெரும்பான்மையில் இருந்தவர், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்த டிசம்பர் கடிதத்தை எழுதிய அதே மனிதர்தான். பழைய நண்பர்கள் துரோகி என்றார்கள்.

1870 டிசம்பரில் நீதிபதி பதவியை விட்டார். காரணம், மாநிலம் தன் ரயில்பாதையைக் குத்தகைக்கு விட்டது: 20 ஆண்டு, மாதம் 25,000 டாலர். எடுத்த நிறுவனத்தின் தலைவர் பிரவுன். பங்காளிகளில் 1857இல் அவரை எதிர்த்து நின்ற பெஞ்சமின் ஹில்லும் ஒருவர். ஆளுநராக இருந்து அந்தப் பாதையின் ஒவ்வொரு செலவையும் தெரிந்துகொண்டவர், அதையே இப்போது தனியாராக நடத்தினார்.

இந்த வாழ்க்கையின் மிக இருண்ட பகுதி நிலக்கரி. வடமேற்கு மூலையில் டேட் கவுண்டியில் அவருடைய டேட் நிலக்கரி நிறுவனம் மாநிலக் கைதிகளைக் குத்தகைக்கு எடுத்துச் சுரங்கத்தில் இறக்கியது. 1876 சட்டப்படி, மாநிலத்தின் எல்லாக் கைதிகளும் மூன்று நிறுவனங்களுக்கு 20 ஆண்டுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டார்கள். மொத்த வாடகை ஆண்டுக்கு 25,000 டாலர். சுமார் 1,200 கைதிகள் என்று கொண்டால் தலைக்கு ஆண்டுக்கு 21 டாலர், வேலை நாளுக்கு ஏறத்தாழ 7 சென்ட். பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர். பலர் சில்லறைத் திருட்டுக்கோ அதைவிட அற்பமானவற்றுக்கோ ஆண்டுக்கணக்கில் தண்டனை பெற்றவர்கள். அடிமை செத்தால் உடைமையாளருக்கு நூற்றுக்கணக்கான டாலர் நஷ்டம். கைதி செத்தால் மாநிலம் இன்னொருவரை அனுப்பும். அதனால் குத்தகைக்காரருக்கு மருத்துவத்திலும் உணவிலும் செலவழிக்கக் கணக்கு ரீதியாகக்கூட ஒரு காரணம் இல்லை. நாளொன்றுக்கு இவ்வளவு கரி என்று அளவு வைத்து, எடுக்காதவர்களைச் சவுக்கால் அடித்தார்கள். 1886இல் டேட் சுரங்கக் கைதிகள் கொட்டடிக்குள் அடைத்துக்கொண்டு வேலைக்குப் போக மறுத்தார்கள். உணவை நிறுத்திப் பணியவைத்தது நிர்வாகம். அப்போது அதன் உரிமையாளர் அமெரிக்க செனட் உறுப்பினர்.

செனட்டுக்கு வந்த வழியும் சர்ச்சைதான். 1880 மேயில் செனட்டர் ஜான் கார்டன் திடீரென விலக, ஆளுநர் கோல்கிட் உடனே பிரவுனை நியமித்தார். பேரம் நடந்தது என்று அன்றே பேச்சு எழுந்தது. ஆண்டிறுதியில் சட்டமன்றம் அவரைத் தேர்ந்தெடுத்தபோது தோற்ற எதிரி, 1861இல் அவர் உத்தரவின்பேரில் புலாஸ்கி கோட்டையைப் பிடித்த அதே அலெக்சாண்டர் லாட்டன். பழையபடி ஜனநாயகக் கட்சியில் இருந்துகொண்டு 1891 வரை செனட்டில் தொடர்ந்தார். 1894 நவம்பர் 30இல் அட்லாண்டாவில் இறந்தார். கைதிகள் குத்தகையை ஜார்ஜியா 1908இல்தான் ஒழித்தது.

பணத்தில் ஒரு பகுதியைக் கொடையாகக் கொடுத்திருந்தார். தென்னக பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி மூடும் நிலையில் இருந்த 1880இல் 50,000 டாலர். அது அந்தக் கல்லூரியைக் காப்பாற்றியது. நன்றியாக ஒரு பேராசிரியர் இருக்கைக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2018இல் அந்தக் கல்லூரியே தன் அடிமைமுறைத் தொடர்புகள் பற்றி அறிக்கை வெளியிட்டபோது, டேட் சுரங்கங்களில் நடந்த கொடுமைகளும் அதில் இடம்பெற்றன. 2020இல் அறங்காவலர்கள் அந்த இருக்கையிலிருந்து பிரவுனின் பெயரை விலக்கினார்கள்.